சோற்றை மட்டும் விட்டால் போதாது: தோட்டத்து டவுனில் மாவுச்சத்தைக் குறைக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் டவுனில் "சோத்த விட்டுட்டேன்" என்று சொல்லாத ஆளே இல்லை. காலையில் ஒட்டுக்கடையில் ஒரு தட்டு மீகூன் கோரெங் (வறுத்த அரிசி சேமியா), மேலே ஒரு முட்டை, பக்கத்தில் ரெண்டு வடை, கையில் தே தாரேக் (பால்டின் ஊற்றி ஆற்றிய தேத்தண்ணி), இதையெல்லாம் வைத்துக்கொண்டே "மூணு மாசமா சோறே தொடல, ஆனா சுகர் இறங்கமாட்டேங்குது" என்று டாக்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இதில் நான் யாரையும் கேலி செய்ய முடியாது, அந்த மேசையில் நாலு மாதம் உட்கார்ந்தவன் நான். சோற்றுக்குப் பதில் ராத்திரி மூன்று சப்பாத்தி, காலையில் ஓட்ஸ், பசித்தால் கிரீம் கிராக்கர். ரத்தப் பரிசோதனை செய்தால் எண் அசையவே இல்லை. கிளினிக்கில் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு வாரம் வாயில் போடுவது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள் அண்ணே என்றார். எழுதிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, நான் சோற்றை விடவே இல்லை, அது வேறு வேறு வேஷத்தில் என் தட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007-ல் பேர் மாற்றினார்கள், ஆனால் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றி எல்லாம் செம்பனை (பாமாயில் மரம்), நான் செம்பனை ஆலையில் ஸ்டோர் பார்க்கிறேன். என் அப்பா காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மதியம் வரை பால்மரம் சீவி, வாளி தூக்கி நடந்தவர்கள் ஒரு குண்டான் சோறு சாப்பிட்டார்கள், செரித்தது. நான் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன், ஆனால் தட்டு மட்டும் அப்பாவுடைய அளவிலேயே இருந்தது. மலேசிய சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (சுகர் வியாதி) என்று வந்தது, 2023-ல் 15.6. அப்படியும் ஆறு பேரில் ஒருவர். இங்குள்ள இந்தியர்களிடம் இது இன்னும் அதிகம் என்பது தெரிந்த கதை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்தேன். கிளிக்லசைடு என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன், அது கணையத்தைக் கசக்கி இன்சுலினை வரவைக்கிற மாத்திரை. மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் என்ன ஆகும்? மூன்றாவது வாரம் ஸ்டோரில் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, போல்ட் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு எண்ணிக்கையே மறந்துபோனது. மெஷினில் பார்த்தால் 3.2 mmol/L. 4-க்குக் கீழே போனாலே ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அன்று என் கூட வேலை செய்கிற தம்பி இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது, சொல்லாமல் செய்தேன்.

ஆகவே இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்கள், சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் என்று "கிளிஃபுளோசின்" என முடிகிற மாத்திரைகளில் வேறு ஒரு சிக்கல்: மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால், சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம், அது ஆஸ்பத்திரி கேஸ். ரத்த அழுத்த மாத்திரையையும் சில பேருக்குக் குறைக்க வேண்டி வரும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள், இவர்களுக்கு இந்த வழிகாட்டி இல்லை.

இரண்டாவது படி: மாவு என்றாலும் சீனி என்றாலும் உடம்புக்கு ஒரே கணக்கு

ஒரு வாய் வெறும் சோற்றை எடுத்து, குழம்பு இல்லாமல், விழுங்காமல், ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். இனிக்க ஆரம்பிக்கும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த மாலைதான், எச்சிலில் உள்ள அமைலேஸ் அந்த மாலையை அறுக்கத் தொடங்கிவிடுகிறது, மிச்சத்தைக் குடல் பார்த்துக்கொள்கிறது. நாக்குக்கு இனிக்காததால் அது சீனி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வேகவைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. ஒரு கப் சோறு என்றால் 45 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், ஆக ஒரு கப் சோறு பத்து கரண்டி சீனிக்கு மேல். நாம் ஒரு கப்பிலா நிறுத்துகிறோம்? வாழை இலையில் மூன்று தடவை போடுவார்கள், ரசத்துக்குத் தனி, மோருக்குத் தனி.

இனி அந்த மாறுவேஷக்காரர்கள். சமைக்காத நிலையில் 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் அரிசி 80, கோதுமை மாவு 72-லிருந்து 76, கேழ்வரகு 70-க்கு மேல், ஓட்ஸ் 66. பார்த்தீர்களா, எல்லாம் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. கேழ்வரகிலும் ஓட்ஸிலும் நார்ச்சத்து கூட, அதனால் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். "சப்பாத்தி சாப்பிட்டா சுகர் ஏறாது" என்பது நம் வீடுகளில் வேதவாக்கு, ஆனால் மூன்று சப்பாத்தி 55, 60 கிராம், ஒரு கப் சோற்றைத் தாண்டிவிட்டது. செவ்வரிசி, பாஸ்மதி, கைக்குத்தல் எல்லாமே அரிசிதான், கைக்குத்தலில் சத்து அதிகம், மாவுச்சத்து மட்டும் பெரிதாகக் குறையாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு? 130 கிராமுக்குக் கீழே போனாலே குறை மாவுச்சத்து உணவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 50-க்குக் கீழே போவது கீட்டோ, அதை டாக்டர் இல்லாமல் தொடாதீர்கள், நம் ஊர் ஆட்கள் வீடியோ பார்த்துவிட்டு நேராக அங்கேதான் குதிக்கிறார்கள், பத்து நாளில் வெறுத்துப்போய் நேராக ரொட்டி சானாய்க் கடைக்குத் திரும்புகிறார்கள். நான் 130-ல் ஆரம்பித்து இப்போது 90, 100 என்று நிற்கிறேன்.

மூன்றாவது படி: சமையலறையை ஒரு சுற்று பாருங்கள்

ஒரு சனிக்கிழமை அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் இறக்குங்கள். அரிசிக் குடும்பம் ஒரு பக்கம்: பச்சரிசி, இட்லி மாவு, இடியாப்ப மாவு, புட்டு மாவு, மீகூன், குவே தியாவ், அவல். கோதுமைக் குடும்பம் இன்னொரு பக்கம்: ஆட்டா, மைதா, ரவை, மீ, மேகி, ரொட்டி, பிஸ்கட், சேமியா. இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏமாறுவது மூன்றாவது குவியலில்.

சூஹூன் (கண்ணாடிச் சேமியா) எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பயறில் செய்தது, கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதனால் நல்லது என்று என் மனைவியே எனக்குச் சூப்பில் போட்டுத் தந்தாள். பயறிலிருந்து புரதத்தையும் நாரையும் எடுத்துவிட்டு மாவை மட்டும் இழுத்து நூலாக்கியதுதான் சூஹூன், காய்ந்த நிலையில் 100-க்கு 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, அரிசியைவிட மோசம். ஜவ்வரிசியும் அப்படியே. நம் ஊரில் சரவாக்கிலிருந்து வரும் சாகோ பனைமரத்து மாவு, தமிழ்நாட்டில் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது, மரம் வேறு கிழங்கு வேறு, வந்து சேருவது சுத்த மாவு. "வயித்துக்குக் குளிர்ச்சி" என்று ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்கிற இனிப்புநீர்க்காரர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கிழங்குகள். மரவள்ளி 100 கிராமுக்கு 38, கீலாடி (சேப்பங்கிழங்கு) 26, சக்கரைவள்ளி 20, உருளைக்கிழங்கு 17-லிருந்து 20. மரவள்ளியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, அரிசி வராமல் தோட்டத்து ஜனங்கள் கிழங்கைத் தின்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பாட்டி கடைசி வரை அந்தக் கிழங்கை வாயில் வைக்கமாட்டார். நாம் என்னடாவென்றால் அதைத் தேங்காய்ப்பூ போட்டு, சம்பல் வைத்து, மழைக்கு நல்லா இருக்கும் என்று தேடித் தின்கிறோம். பட்டினி கிடக்கிற உடம்பைக் காப்பாற்றுகிற அளவுக்கு மாவு அதில் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு மேலே விளைவது பெரும்பாலும் சரி, மண்ணுக்குள் விளைவது பெரும்பாலும் வேண்டாம் என்று ஒரு சுலபக் கணக்கு உண்டு. விதிவிலக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. மேலே விளைந்தும் ஆகாதவை சோளம், பட்டாணி, வாழைக்காய், ஈரப்பலா. கீழே விளைந்தும் பரவாயில்லாதவை முள்ளங்கியும் செங்குவாங்கும் (பச்சையாகவே கடித்துத் தின்கிற ஒரு வெள்ளைக் கிழங்கு). செங்குவாங் நம் ஆட்கள் ரோஜாக்கில் மட்டும் தின்கிற பொருள், ஆனால் கறியில் உருளைக்கிழங்குக்குப் பதில் துண்டு போட்டுப் பாருங்கள், கரையாது, கடிக்கப் பதமாக இருக்கும், 100 கிராமில் 9 கிராம்தான், அதிலும் பாதிக்கு மேல் நார். பூசணி 6, 7 கிராம், பயப்பட வேண்டாம்.

குவித்ததை எல்லாம் குப்பையில் போடச் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு ஒரு தட்டு, என் பொருளுக்கு ஒரு அலமாரி என்று பிரித்துக்கொண்டேன். பிஸ்கட் டின்னை மட்டும் மேல் தட்டில், நாற்காலி போட்டால்தான் எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கு நாற்காலி இழுத்தால் சத்தம் வரும், மனைவி எழுந்துவிடுவாள்.

நான்காவது படி: தண்ணி

தே, கோப்பி மாதிரி குடிக்கிற இனிப்புத் தண்ணி மாவுச்சத்து இல்லை, ஆனால் இதைச் சரிசெய்யாமல் மற்றதைச் செய்து பிரயோஜனமில்லை. பால்டின் (சீனி போட்ட கெட்டிப் பால்) எடையில் பாதிக்கு மேல் சீனி. தே தாரேக்கை விட்டு தே-ஓ கோசோங், கோப்பி-ஓ கோசோங், பால் வேண்டும் என்றால் தே-சி கோசோங். "கோசோங்" (சீனி இல்லாமல்) என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் கைப்பழக்கத்தில் ஒரு கரண்டி விழுந்துவிடும். நம் ஊர்க் கோப்பித் தூளைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கிற வழக்கம் உண்டு, பாக்கெட்டில் சேர்மானத்தைப் படித்து வாங்குங்கள். மைலோ பிள்ளைகளுக்கு. ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும், நம்புங்கள்.

ஐந்தாவது படி: காலைச் சாப்பாடு, இதுதான் பெரிய சண்டை

பலரும் மதியச் சோற்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் காலையில் ஆரம்பிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் நம் காலைச் சாப்பாட்டில் மாவைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. ரொட்டி சானாய் ஒன்று 40 கிராமைத் தாண்டும், இரண்டு தின்றால் அன்றைய கணக்கு காலை எட்டு மணிக்கே முடிந்தது. கடைத் தோசை ஒன்று 25, 30. இட்லி ஒன்று 10 அளவில். மீகூன் ஒரு தட்டு 50-க்குக் குறையாது. மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற புட்டு மாயம் அரிசி மாவும் சீனியும், அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு.

வெளியில் சாப்பிடுகிறவர்களுக்கு: நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையில் சோறு இல்லாமல் கேட்கலாம் என்பது எனக்கு நாற்பத்தைந்து வயதுவரை தோன்றவே இல்லை. "அக்கா, சோறு வேணாம், முட்டை ரெண்டு, நெத்திலி, கச்சான் (நிலக்கடலை), தீமுன் (வெள்ளரி) கூட வைங்க, சம்பல் கொஞ்சமா." முதல் நாள் அந்த அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், இப்போது நான் மோட்டாரை நிறுத்தும்போதே கட்டிவிடுகிறார். சம்பலில் சீனி விழும், அதனால் கொஞ்சமாக. கோப்பிக்கடையில் அரை வேக்காட்டு முட்டை இரண்டு, ரொட்டி வேண்டாம். மாமாக் கடையில் கோழிப் பொரியல் என்றால் மாவு பூசியதா, மஞ்சள் மசாலா மட்டுமா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் என்றால் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு மூன்று முட்டை ஆம்லெட், கூட வெள்ளரி. அல்லது முந்தின ராத்திரி மீன் குழம்பு மிச்சம் இருந்தால் அதையே சூடாக்கி, முட்டையை உடைத்து அதில் ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், இதைவிட நல்ல காலைச் சாப்பாடு எனக்குத் தெரியாது. தோசை இல்லாமல் செத்துவிடுவேன் என்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு தோசை, ஒன்றே ஒன்று, கூட நிறைய சட்னியும் முட்டையும்.

ஆறாவது படி: மதியத் தட்டு

சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டு கிளினிக் சுவரில் எல்லாம் ஒட்டியிருக்கும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, பாதித் தட்டு காயும் பழமும். இது எல்லாருக்குமான தட்டு. நம் கணக்குக்கு அந்தக் கால் பங்கு சோற்றையும் பாதியாக்குங்கள், அரை கப் சோறு, 22 கிராம் வரும், காலி இடத்தைக் காயால் நிரப்புங்கள். கங்கோங் கீரை, சாவிக் கீரை, பாகல், பீர்க்கு, கத்திரி, வெண்டை, வாழைப்பூ, முட்டைக்கோஸ், வல்லாரை, இவை எல்லாம் 100 கிராமுக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. சாப்பிடுகிற வரிசையையும் மாற்றுங்கள், காயும் மீனும் முதலில், சோறு கடைசியில். அதே சாப்பாடுதான், வரிசையை மாற்றினால் சுகர் ஏறுகிற வேகம் குறைகிறது, நான் என் விரலில் குத்திப் பார்த்தே சொல்கிறேன்.

ஆனால் உண்மையான கேள்வி வேறு. குழம்பை எதில் ஊற்றுவது? கறி, மீன், கூட்டு எல்லாம் இருந்தும் பிசைய ஒன்று இல்லையென்றால் நம் கைக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. காலிஃபிளவர் சோறு என்று எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள், கேமரன் மலையிலிருந்து வருகிற பூ மழைக்காலத்தில் விலை ஏறிவிடும், அதோடு சரியாகச் செய்யாவிட்டால் ஈரச் சாக்கு மாதிரி நாறும். நான் முட்டைக்கோஸுக்கு மாறினேன். அரை முட்டைக்கோஸை அரிசி அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, துணியில் கட்டி நன்றாகப் பிழிந்துவிடுங்கள், பிழிவதில்தான் விஷயமே இருக்கிறது. சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், பெருந்தீயில் மூன்று நிமிடம், மூடி போடாதீர்கள், மூடினால் தண்ணி விட்டுக் குழைந்துபோகும். கடைசியில் அந்த அரை கப் சோற்றை இதில் போட்டுக் கிளறினால் தட்டு நிறையும், குழம்பு பிடிக்கும், ரசமும் மோரும்கூட ஊற்றிக்கொள்ளலாம். இதைப் பார்த்துவிட்டு என் மகன், "அப்பா, இது பொரியலுக்குப் பொரியலே தொட்டுக்கிற மாதிரி இருக்கு" என்றான். இருக்கட்டும்.

குழம்பிலும் மாவு ஒளிந்திருக்கும். சாம்பாரில் பருப்பைப் பாதியாக்கி முருங்கைக்காயையும் கத்திரியையும் கூட்டுங்கள். கோழிக் கறியில் உருளைக்கிழங்கை எடுத்துவிடுங்கள். வெளியில் சைனீஸ் சாப்பாடு வாங்கினால் அந்தக் கெட்டிச் சாறு சோளமாவு, கருப்புக் கிச்சாப் (சோயா சாஸ்) சீனிப் பாகு, சாறை விட்டு மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சோறு நல்லது என்று கேட்பவர்களுக்கு: ஆறிய சோற்றில் மாவின் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது, அது உண்மை. சிறு பகுதிதான். அதைச் சாக்காக வைத்து ஒரு குண்டான் நீராகாரம் குடித்தால் வேலைக்கு ஆகாது.

சைவக்காரர்களுக்குத்தான் கஷ்டம், வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் அதே கஷ்டம். வேகவைத்த பருப்பு 100 கிராமுக்கு 20, அதில் 8 நார், கொண்டைக்கடலை 27, அதிலும் 7, 8 நார், ஆக அளவாக எடுத்தால் சரி, ஆனால் பருப்பும் சோறும் வடையும் அப்பளமும் ஒரே தட்டில் என்றால் கணக்கு எகிறிவிடும். தவ்பு (சோயாப்பால் கட்டி) 2, 3 கிராம்தான், தெம்பே (புளிக்கவைத்த சோயா) 8 அளவில். தெம்பேயை மெல்லிசாக வெட்டி மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்துப் பாருங்கள், நெத்திலி மாதிரி மொறுமொறுவென்று வரும். கடையில் விற்கிற சைவ ஆட்டிறைச்சி, சைவக் கோழி எல்லாம் கோதுமைப் புரதத்தோடு மாவும் சேர்த்துப் பிசைந்தது, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

ஏழாவது படி: பாசார் மாலாம், கோயில், கல்யாணம்

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இறங்கினால் முதல் வரிசையே பீசாங் கோரெங் (வாழைப்பழ பஜ்ஜி), அப்பம் பாலேக், கெரோப்போக் லேகோர். லேகோரை மீன் என்று நினைத்து வாங்காதீர்கள், சாகோ மாவு நிறைய, மீன் உருண்டையும் சாசேஜும் நகெட்டும் அதே கட்சி. நான் நேராகச் சுட்ட மீன் கடைக்குப் போவேன். சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) பரவாயில்லை, கெத்துப்பாட்டை (அமுக்கிய சோற்றுக்கட்டியை) விட்டுவிட்டு வெங்காயமும் தீமுனும் கேளுங்கள், கச்சான் குழம்பு இனிப்பு, தொட்டால் போதும், முக்க வேண்டாம். டுரியான் காலத்தில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். 100 கிராமுக்கு 27, ஆக ஒரு சுளை தின்று அன்றைக்குச் சோற்றை விடுங்கள். பழமே வேண்டும் என்றால் கொய்யா, பாப்பாளி.

வீட்டு விசேஷங்கள்தான் சிக்கல். கோயில் அன்னதானத்தில் இலையில் விழுந்த சோற்றை வீணாக்க மனசு வராது, அதனால் கரண்டி வரும்போதே கையை நீட்டி "கொஞ்சம்" என்று சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில், தீபாவளிக்கு, பெரியம்மாக்கள். "என்னடா ஒரு பிடி கூடத் திங்கல, என் சமையல் நல்லா இல்லையா?" வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், அதனால் நான் வேண்டாம் என்று சொல்வதே இல்லை. "பெரியம்மா, அந்த ஆட்டுக்கறி இன்னும் ரெண்டு துண்டு போடுங்க, எங்க வீட்டுல இப்படி வராது." அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிடும், என் தட்டில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அதன்பிறகு யாரும் பார்ப்பதில்லை. முறுக்கு ஒன்று கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருங்கள், கை காலியாக இருந்தால்தான் அடுத்த தட்டு நீளும்.

எட்டாவது படி: முதல் இரண்டு வாரம்

முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியதும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பெரும்பாலும் தண்ணி. உடம்பு சேமித்து வைத்திருக்கிற கிளைக்கோஜன் ஒரு கிராமோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் ஒட்டியிருக்கிறது, கிளைக்கோஜன் செலவானால் தண்ணியும் உப்பும் கூடவே போகும். அதனால்தான் தலைவலி, சோர்வு, எழுந்தால் கண் இருட்டுவது. தண்ணீர் கூடக் குடியுங்கள், உப்புப் போட்ட ரசம் ஒரு குவளை நல்ல மருந்து, ஆனால் ரத்த அழுத்தமோ இருதயப் பிரச்சினையோ இருந்தால் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். மலச்சிக்கல் வந்தால் காய் போதவில்லை என்று அர்த்தம்.

என் மச்சான் செம்பனைக் குலை வெட்டுகிறவர். வெயிலில் நாள் முழுக்க கம்பைத் தூக்கி நிற்கிற உடம்பு. நான் செய்ததைப் பார்த்து அவரும் அப்படியே ஆரம்பித்து, நான்காம் நாள் நிரையில் மயக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பு உழைக்கிற ஆள் காலையில் அரை கப், மதியம் அரை கப் சோறு வைத்துக்கொண்டு, மீகூனையும் இனிப்புத் தண்ணியையும் மட்டும் விட்டால்கூட நல்ல மாற்றம் வரும். ஸ்டோர்காரன் தட்டு வெட்டுக்காரனுக்கு ஆகாது.

ஒன்பதாவது படி: குத்திப் பாருங்கள்

நான் எழுதியதையோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையோ நம்ப வேண்டாம், சுகர் மெஷினை நம்புங்கள். ஸ்ட்ரிப் விலைக்கு எல்லா நேரமும் குத்த முடியாது, அதனால் வாரம் ஒரு சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிடுமுன் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். எனக்கு ஒரு தோசைக்குப் பெரிதாக ஏறுவதில்லை, இரண்டாவது தோசையில் எகிறிவிடுகிறது. ஓட்ஸ் எனக்கு ஆகவே ஆகாது, என் மனைவிக்கு ஒன்றும் செய்வதில்லை. ஒரே வீடு, ஒரே சமையல், இரண்டு நோட்டு.

எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாதத்துச் சுகரின் சராசரி) பரிசோதனையை மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள், சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் அளவில், அதற்கு முன் பார்த்தால் பழைய தீனியின் கணக்கும் கலந்து வரும். எனக்கு 8.4-லிருந்து 7.1-க்கு வந்தது. டாக்டர் கிளிக்லசைடைப் பாதியாக்கினார். அடுத்த பரிசோதனை தீபாவளிக்கு இரண்டு வாரம் கழித்து விழுகிறது, தேதியை மாற்றித் தரமுடியுமா என்று நர்ஸிடம் கேட்டேன். முடியாது அண்ணே என்றார்.